பாறையேறும் வண்டியும் ஒரு மாப்பிள்ளை விசாரிப்பும்

ஒரு நல்ல டிரக்கை நடுவால் அறுத்து இரண்டாக்குகிறவனுக்கு என் மகளைக் கட்டிக் கொடுக்கலாமா? எண்பதுகளின் கடைசியில், நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, என் தலையில் வந்து விழுந்த கேள்வி இதுதான்.

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். மகளுக்குப் பங்சாரில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை. அலுவலக விஷயமாகக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய் வந்த இடத்தில் அவன் பழக்கமானானாம். துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்க்கும் டெக்னீசியன். இதை அவள் எனக்கு நேரே சொல்லவில்லை. தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மா எனக்கு இரண்டாவது தடவை சோறு போடும்போது சொன்னாள். என் மனைவி கேட்காமல் இரண்டாவது தடவை சோறு போடுகிற ஆள் இல்லை. அகப்பையைத் தூக்கியபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

எங்கள் ஆட்களிடம், அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அரசாங்க உத்தியோகத்தில் ஊன்றிவிட்ட குடும்பங்களிடம், ஒரு மாப்பிள்ளையை விசாரிப்பது பெரிய வேலையே இல்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிற நேரத்துக்குள், பையனின் பாட்டன் எந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தார், பெரியப்பாவுக்கு நீரிழிவு உண்டா, தங்கை ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால் இவனை யாரிடம் போய் விசாரிப்பது? கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம், தமிழ்நாட்டு வழி. கோயிலில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும்போதே இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். தெரியாத ஒருவனுக்கு எப்படி உதட்டைப் பிதுக்க முடிகிறது என்று எனக்கு அவர்கள் மேலும் சந்தேகம் வந்தது.

என் குணத்துக்கு என் தொழிலும் ஒரு காரணம். செந்தூல் ரயில்வே பட்டறையில் நான் பெட்டிப் பரிசோதகர். நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ரயிலின் நீளத்துக்கும் நடக்க வேண்டும். நல்ல சக்கரம் கணீரென்னும். விரிசல் விட்டது பொத்தென்னும். எல்லாச் சக்கரமும் உடைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் தட்ட வேண்டும், நல்லது என்று அதுதான் காட்டட்டும். வீட்டிலும் எனக்கு அதே பழக்கம். கலியாணத்தன்று நான் தாலியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன் என்று மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது சுத்தப் பொய். கூறைச் சேலையின் கரையைத்தான் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன்.

அவன் லீவு நாளெல்லாம் கிள்ளானில் ஒரு கொட்டகையில் ஏதோ வண்டி கட்டுகிறான் என்று மனைவி சொன்னாள். பாறை மேல் ஏறுகிற வண்டியாம். விசாரிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன, வண்டி இருக்கிறதே என்று நினைத்தேன். ஒருவன் செய்த வேலையைத் தட்டிப் பார்த்தால் ஆளையும் பாதி தட்டிப் பார்த்த மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'உங்கள் வண்டியைப் பார்க்க ஆசை' என்று சொல்லியனுப்பிவிட்டு, கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன். வண்டி பார்க்க எனக்கு எந்த ஆசையும் இல்லை என்பது மகளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அவனுடைய சிநேகிதன் ஒரு லோரிக்காரன். அவனுடைய லோரி நிறுத்துமிடத்தின் மூலையில்தான் அந்தக் கொட்டகை. நான் போனதும் மாப்பிள்ளைப் பையன் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். நல்ல உயரம்.

"வாங்க அங்கிள். ஒக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

மரியாதை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுவிட்டுப் போன பழைய டிரக் அது. பிறகு ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றித் திரிந்து, கடைசியில் புல்லுக்குள் கிடந்ததைக் கொண்டுவந்திருந்தார்கள். மழை பெய்தால் அதன் பலகையிலிருந்து இன்னும் பால் புளித்த வாடை வந்தது. ஆனால் அந்தக் காலத்து இரும்பு. இரும்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சட்டத்தை அவன் நடுவால் அறுத்து, ஒரு கை நீளத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"உந்தச் சட்டத்தை ஏன் தம்பி வெட்டினீர்? நல்லாத்தானே கிடந்தது."

"நீளம் ஜாஸ்தி அங்கிள். பாறை மேல ஏறுறப்ப வண்டியோட வயிறு தட்டும் லா."

"பாறைக்கு மேல ஏன் ஏற வேணும்?"

"ஏறிப் பாக்கத்தான்."

"மேல என்ன கிடக்கு?"

"ஒண்ணும் இல்ல அங்கிள். திரும்பி எறங்கிருவோம்."

நம்பர் பிளேட் எங்கே என்று கேட்டேன். ரோட்டில் ஓடாது, லோரியின் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோவோம் என்றான். எஞ்சினும் கியர் பெட்டியும் ஹாஃப்-கட் கடையில் வாங்கியது. ஜப்பானில் கழித்துவிட்ட வண்டிகளைப் பாதியாக வெட்டி, மூக்கும் எஞ்சினுமாகக் கப்பலில் கொண்டுவந்து கிள்ளானில் குவித்து விற்பார்கள். அப்படியானால் மற்றப் பாதி எங்கே என்று கேட்டேன். அதை யாரும் இதுவரை கேட்டதில்லை என்றான். மனைவியிடம் வந்து சொன்னேன்: ஒரு வண்டியைப் பாதியாக வெட்டினான், இன்னொரு பாதி வண்டியை அதற்குள் வைத்தான், அதைச் சுமக்க மூன்றாவதாக ஒரு வண்டி, எல்லாம் சேர்ந்து போகிற இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் சிரித்த சிரிப்பு எனக்கு ஆதரவானதா இல்லையா என்று விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் போனேன். என் பழைய சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் அவன் செய்கிற வேலை ஒன்று எனக்குத் தலைகீழாகவே பட்டது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகச் சுழல வேண்டும், அதற்காகத்தான் அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். அவன் அந்தப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து அசையாமல் ஒட்டிவிட்டான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மற்றது நிற்கக் கூடாதாம், இரண்டும் ஒன்றாகத்தான் சுழல வேண்டுமாம். டயரில் காற்றடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவன் காற்றைத் திறந்துவிட்டான். பாதிக் காற்றில்தான் டயர் கல்லைக் கவ்வும் என்றான். எஞ்சினிலிருந்து வருகிற ஓட்டத்தை முடிந்த மட்டும் குறைப்பதற்கென்று கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு கியர் பெட்டி. மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போக இத்தனை பாடா என்று கேட்டேன். அவன் சிநேகிதன் லோரிக்குப் பின்னால் போய்ச் சிரித்தான்.

தலைக்கு மேல் கூண்டு மாதிரி குழாய்களை வளைத்து வைத்திருந்தான். வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருப்பதற்கு. அந்தக் குழாய்களைத் தட்டினேன், எல்லாம் கணீர். பின் ஸ்பிரிங் வில்லைத் தாங்குகிற கொக்கி ஒன்றைத் தட்டினேன். பொத்.

"இது சரியில்லை" என்றேன்.

"பெயிண்ட் கனமா இருக்கு அங்கிள். அதான் அப்படிக் கேக்குது."

"பெயிண்டின்ர சத்தம் எனக்குத் தெரியும் தம்பி."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நானே வெல்டிங் வச்சேன் அங்கிள். அது ஒண்ணும் ஆகாது" என்று சற்று உரத்தே சொன்னான். அன்றைக்கு அதன் பிறகு எனக்குத் தண்ணீரும் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே கொண்டாட்டம். இதோ ஆள் வெளிப்பட்டுவிட்டான், ரோஷக்காரன், பிழையைச் சொன்னால் தாங்காதவன் என்று மனைவியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். அடுத்த ஞாயிறு போனபோது அந்தக் கொக்கியை அறுத்து எறிந்துவிட்டு, புதிதாக ஒன்று செய்து வைத்திருந்தான். என் பக்கத்தில் ஒரு நாற்காலியும் ஒரு கப் தேநீரும் வந்தன. புதுக் கொக்கியைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. எனக்கு ஏனோ அன்றைக்குத் தேநீர் ருசிக்கவில்லை.

அப்போதுதான் அந்த இருக்கை என் கண்ணில் பட்டது. ஓட்டுகிற இருக்கையை நன்றாக முன்னுக்குத் தள்ளிப் போட்டு, அடியில் ஒரு மெத்தை வைத்து உயர்த்தியிருந்தது. கிளட்ச், பிரேக் மிதிகளில் மரக்கட்டை வைத்துத் திருகியிருந்தது. அவனுடைய காலுக்கு அங்கே இடமே இல்லை, முழங்கால் மூக்கில் இடிக்கும். லோரிக்காரனோ இருவர் பருமன். ஆக, கால் எட்டாத யாரோ ஒருவர் இந்த வண்டியை ஓட்டுகிறார். பெண் என்றுதான் என் மனம் உடனே சொன்னது. கிள்ளானில் அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள்.

என் மகளும் குள்ளம்தான், என்னை மாதிரி. ஆனால் அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் அவள் நினைவே எனக்கு வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கார் ஓட்டப் பழக வேண்டும் என்று என்னைக் கேட்டாள். ரோட்டில் ஓடுகிற பைத்தியக்காரர்களை நம்பி உன்னை விட ஏலாது என்று நான் சொல்லிவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று இருந்தேன்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. கையும் களவுமாகப் பிடித்தபிறகு சொல்லலாம் என்று, ஒரு சனிக்கிழமை மத்தியானம் யாருக்கும் அறிவிக்காமல் கிள்ளானுக்குப் போனேன். தூரத்திலேயே எஞ்சின் சத்தம் கேட்டது. லோரிகளுக்கு நடுவால் போய் எட்டிப் பார்த்தேன். மணலும் கல்லும் குவித்திருந்த மேட்டின் மேல் அந்த வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. அவன் வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி கையைக் காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே, கூண்டுக்குள், தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டு என் மகள்.

சனிக்கிழமைகளில் அலுவலகத்தில் மேல்வேலை என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் என்னைக் கண்டு, நிறுத்தச் சொல்லி அவளுக்கு முஷ்டியைத் தூக்கினான், வண்டி அதே இடத்தில் நின்றது.

"ஆர் உனக்கு உந்த வண்டியைப் பழக்கினது?" என்று கத்தினேன்.

"நான்தான் கேட்டனான் அப்பா. அவர் முதலில மாட்டன் எண்டுதான் சொன்னவர். உங்களைத்தான் முதல் கேட்டனான், நீங்கள் விடேல்லை."

அவனை ஏசலாம் என்று திரும்பினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அவ நல்லா ஓட்டுறா அங்கிள். என்னைவிட நல்லா" என்றான். அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு உண்மையான கல்லுக்குப் போறம். நீங்களும் வாங்கோ. பார்த்துப்போட்டு ஓமோ இல்லையோ எண்டு ஒரு முடிவு சொல்லுங்கோ. நீங்கள் இல்லை எண்டால் நான் அவரைக் கட்டமாட்டன். ஆனா அதுக்குப் பிறகு வேற ஒருத்தரையும் எனக்குப் பார்க்காதேங்கோ."

அவள் சொன்னதைச் செய்கிறவள். நான் 'இல்லை' என்று சொன்னால் அவள் காலம் முழுவதும் என் வீட்டில், என் கண் முன்னாலேயே தனியாக இருப்பாள். 'ஓம்' என்று சொல்லி அவன் மோசமானவனாக இருந்தால் அதுவும் என் வாயால் நடந்ததுதான். அந்த வாரம் முழுவதும் பயந்துபோயிருந்தேன் என்பதே உண்மை.

அந்த ஞாயிறு போன இடம், அம்பாங்குக்கு அப்பால் கைவிட்ட கருங்கல் குவாரி ஒன்று. லோரிக்காரன் வண்டியை இறக்கினான். இறக்கிய உடனேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். காலையில் வழியில் தின்ற நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, ஒத்துக்கொள்ளவில்லையாம். புதர்ப் பக்கம் ஓடினான், திரும்பி வந்து லோரிக்குள் படுத்துவிட்டான். அவன்தான் வழக்கமாக இரண்டாவது ஆளாக நிற்பவனாம். ஒருவர் வண்டிக்கு முன்னால் நின்று கை காட்ட வேண்டும், ஒருவர் பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

"நான் பின்னாடி நிக்கிறேன் அங்கிள். வழுக்கினா அங்கதான் வழுக்கும். நீங்க முன்னாடி நில்லுங்க" என்றான் வண்டி கட்டியவன்.

"எனக்கு என்ன தெரியும் உந்த வேலையைப் பற்றி?"

"கை காட்டினா போதும். எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கைய நீட்டுங்க. நிக்கணும்னா முஷ்டி. அவ உங்க கைய மட்டும்தான் பார்ப்பா. சீட்டுல இருந்து பாறை தெரியாது அங்கிள், வானம்தான் தெரியும்."

குவாரிக்காரர்கள் வெட்டிவிட்ட பாறை மேடை ஒன்று சரிவாக மேலே போனது. ஒரு பக்கம் சுவர் மாதிரி பாறை. மறு பக்கம் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். வண்டியின் அகலத்தைவிட ஒரு சாண் இரண்டு சாண்தான் அதிகம். நான் மேலே போய் நின்றேன். மகள் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவன் வண்டிக்குப் பின்னால், சரிவில் கீழே நின்றான். வண்டி வழுக்கினால் முதலில் அவன் மேல்தான் வரும். அதையும் கவனித்தேன். எனக்குக் காட்டுவதற்காகத்தான் வீரமாக நிற்கிறானோ என்றும் நினைத்தேன்.

வண்டி ஏறத் தொடங்கியது. நடக்கப் பழகுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு கல்லாகத் தொட்டுத் தொட்டு வந்தது. பாதித் தூரம் வந்ததும் முன்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சற்று ஒதுங்கியது. நான் பதறிச் சுவர்ப் பக்கம் கையை நீட்டினேன். மகள் ஸ்டியரிங்கை ஒடித்தாள். உடனே வண்டி முழுவதும் பள்ளத்துப் பக்கம் சாயத் தொடங்கியது. கூண்டுக்கு மேலாக, கீழே நிற்கிற அவன் எனக்குத் தெரிந்தான். இரண்டு கையையும் பள்ளத்துப் பக்கம் வீசிக்கொண்டிருந்தான்.

நான் முஷ்டியைத் தூக்கினேன். வண்டி நின்றது.

"விசரோ உமக்கு, பைத்தியமோ?" என்று கத்தினேன்.

"அங்கிள், பின் சக்கரம் சுவரோரக் கல்லு மேல ஏறுது! இன்னும் உள்ள ஒடிச்சா சாஞ்சிரும்! வெளிய விடுங்க, வெளிய!"

என் இடத்திலிருந்து அந்தச் சக்கரம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளத்தின் விளிம்பும், அதை ஒட்டிய முன் டயரும், என் மகளின் முகமும்தான். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு நாங்கள் பேசியது எதுவும் கேட்டிருக்காது. என் முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் உத்தியோகம் முழுவதும், என் காதால் கேட்காத சக்கரத்தை இன்னொருவர் சொல்லை வைத்து நான் ஓட விட்டதில்லை. ஓடிப்போய் அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வர அங்கே வழியும் இல்லை, நேரமும் இல்லை.

முஷ்டியை விரித்துப் பள்ளத்துப் பக்கம் நீட்டினேன்.

அவள் ஒடித்தாள். முன் டயரின் பாதி வெளியே அந்தரத்தில் இருந்தது. மீதிப் பாதி மடிந்து விளிம்பைக் கவ்விக்கொண்டது. சின்னக் கற்கள் கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு பின்பக்கம் 'தொம்' என்று கல்லிலிருந்து இறங்கியது, வண்டி நிமிர்ந்தது. அவன் கீழேயிருந்து சுவர்ப் பக்கம் காட்டினான், நானும் சுவர்ப் பக்கம் காட்டினேன். அதன் பிறகு அவன் காட்டிய பக்கமெல்லாம் நான் காட்டினேன்.

மேலே வந்ததும் அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

"நடுவில பள்ளத்துப் பக்கம் காட்டினீங்கள் அப்பா. எனக்கு உயிர் போயிட்டுது. நீங்கள் காட்டினபடியாத்தான் திருப்பினனான்."

"அது நானா யோசிச்சுக் காட்டேல்லை பிள்ளை. எனக்குப் பின் சக்கரம் தெரியேல்லை. பின்னால நிண்டவர்தான் சொன்னவர்."

அவள் பட்டையைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள். "அவர் சொன்னதை நீங்கள் கேட்டீங்களோ?"

"கேக்காமல்? நீ அதுக்குள்ள இருந்தனீ."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். சரிவில் அவன் மூச்சு வாங்க ஏறி வருவது கேட்டது. "அப்ப?" என்று கேட்டாள். "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வருகிற வழியில் ஒரு கடையில் சாப்பிட நிறுத்தினார்கள். வயிற்று வலிக்காரன் இரண்டு தட்டுச் சோறும் ஆட்டிறைச்சியும் தின்றான், மேலும் கேட்டான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் இருப்பதில் மிகவும் கவனமாக இருந்தான். மகளும் மாப்பிள்ளையும் தங்கள் தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து என்னை அந்தப் பாறை மேல் கொண்டுபோய் நிறுத்தினார்களோ என்ற சந்தேகம் அங்கே பிறந்து, கலியாணம் முடிந்து, பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் போகவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்பதால் கேட்கவும் இல்லை.

திட்டமாகவே இருக்கட்டும். என்னை அங்கே நிறுத்தியது வரைக்கும்தான் அது திட்டமாக இருக்க முடியும். பள்ளத்துப் பக்கம் ஒடித்தபோது என் மகள் பள்ளத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். அந்த நேரத்தில் அந்தக் கையை நானே நம்பவில்லை.